நியூயார்க்கில் குப்பை நிலையங்களை மூடிவிட்டார்களா?

“சவுத் பிராங்ஸ்காரர்கள் போராடி, 2018இல் சட்டம் கொண்டுவந்து, குப்பை நிலையங்களை மூட வைத்துவிட்டார்கள்” என்று ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு சுற்றுகிறது. (சவுத் பிராங்ஸ், நியூயார்க் நகரின் ஒரு பகுதி.) இது தவறு.

அந்தச் சட்டம், அதாவது 2018ஆம் ஆண்டின் உள்ளூர்ச் சட்டம் 152, எந்த நிலையத்தையும் மூடச் சொல்லவில்லை. தனியார் குப்பை மாற்று நிலையங்கள் (குப்பையை இறக்கி, வேறு வண்டியில் ஏற்றி அனுப்பும் இடங்கள்) நாளொன்றுக்குக் கையாள அனுமதிக்கப்பட்ட அளவைத்தான் குறைத்தது: வடக்கு புரூக்ளினில் 50 சதவீதம், சவுத் பிராங்ஸிலும் தென்கிழக்கு குயின்ஸிலும் 33 சதவீதம். நகரக் குப்பையில் ஏறக்குறைய முக்கால்வாசி இந்தச் சில பகுதிகளுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. மன்ஹாட்டன் அலுவலகக் குப்பையை டீசல் லாரிகள் பாலம் தாண்டிக் கொண்டுவந்து கொட்டும்; அதையே அள்ளிப் பெரிய டிரெய்லர்களில் ஏற்றி, மறுபடி அதே தெருக்கள் வழியாக வெளியூருக்கு அனுப்புவார்கள். ஆஸ்துமா அதிகமுள்ள சவுத் பிராங்ஸ் மக்கள் கேட்டது நியாயமான பங்கீடு. அதில் என்ன தப்பு?

குப்பைச் சுமை ஏழைப் பகுதிகளுக்கு மட்டும்தான் என்பதும் இல்லை: 2019இல் மன்ஹாட்டனின் வசதியான அப்பர் ஈஸ்ட் சைடிலேயே, கிழக்கு 91ஆம் தெருவில், குப்பையைப் படகில் ஏற்றும் மாநகராட்சி நிலையம் திறக்கப்பட்டது.

சட்டத்தின் முழு வாசகம் நியூயார்க் நகர மன்ற இணையதளத்தில் இருக்கிறது. சரிபார்த்துக்கொள்ளுங்கள்; அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.