பந்தைத் தூக்குவது வலது கால் அல்ல

"கோல்பில் பந்து உயர எழ வேண்டுமானால் அடித்து முடியும் வரை எடையை வலது காலிலேயே வைத்திருங்கள்" என்று மேலே அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். வலது கைக்காரருக்கு இது தலைகீழ் அறிவுரை. பந்தைத் தூக்குவது மட்டை முகத்தின் சாய்வு; ஏழாம் இலக்க இரும்பு மட்டையில் அது சுமார் 30 பாகை. எடை பின்னே, வலது காலிலேயே தங்கினால் மட்டை பந்துக்கு முன்பே தரையைக் கீறும், அல்லது பந்தின் உச்சந்தலையில் தட்டும். சீனன்குடா கோல்ப் திடலில் நான் மண் அள்ளியதெல்லாம் இப்படித்தான். வெயிலில் இறுகிய தரையின் அடி மணிக்கட்டுக்குத் தெரியும்! மட்டையைப் பின்னே ஓங்கும்போது, கைகள் உச்சியை எட்டுமுன்பே அழுத்தம் இடது பாதத்துக்கு நகரத் தொடங்க வேண்டும். கடற்கரையில் வீச்சுவலை எறிபவரைப் பாருங்கள்: வலை கையை விட்டுப் போகுமுன் முன்பாதம் மணலில் புதைந்துவிடும். தலையையும் சேர்த்து முன்னே தள்ளிவிடாதீர்கள், அது வேறு வியாதி.