ரெண்டு நாயும் ஒரு நடுச்சுவரும்

(அடுக்குமாடிக் குடியிருப்பு. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறார் பரணி. திறப்பவர், பல வருடமாக நாய் வளர்க்கும் மல்லிகா.)

பரணி: அக்கா, இந்த ரெண்டு போட்டோவுல எது நல்லாருக்கு சொல்லுங்க.

மல்லிகா: எட்டு வாரக் குட்டியில எதுதான் நல்லாருக்காது? என்ன ஜாதி?

பரணி: இது லாப்ரடார், இது பீகிள். எனக்கு லாப், பொண்ணுக்கு பீகிள். வீட்டம்மா, "முடியை யார் கூட்டப்போறீங்களோ அவங்களே முடிவு பண்ணுங்க"ன்னுட்டா.

மல்லிகா: விவரமானவ.

பரணி: அப்போ பீகிள்தான். அதுக்குக் குட்டை முடி.

மல்லிகா: குட்டை முடின்னா கொட்டாதுன்னு யார் சொன்னது? ரெண்டுக்குமே ரெட்டை அடுக்கு ரோமம். வருஷம் பூரா கொட்டும், பருவம் மாறறப்போ கொத்தாவே வரும். லாப்புக்கு உடம்பு பெருசு, அதனால குப்பையும் பெருசு. வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை ரப்பர் பிரஷ்ஷால வாரி விடணும். மொட்டை மட்டும் அடிச்சுடாதீங்க, வெயிலைத் தாங்கறதுக்கும் அந்த ரோமம்தான் உதவி.

பரணி: சரி, முடியில வித்தியாசம் இல்லைன்னா லாப். காவலுக்கும் ஆச்சு.

மல்லிகா: காவலா! நியூஃபவுண்ட்லாந்து மீனவங்ககிட்ட வலை இழுத்த நாய்ங்களோட வம்சம் அது. அப்புறம் பிரிட்டன்ல, சுட்டு விழுந்த பறவையை நசுக்காம கவ்விக் கொண்டுவரப் பழக்குனாங்க. திருடன் வந்தா, அவன் காலுக்கு அளவான செருப்பா பார்த்துக் கவ்விட்டு வந்து கொடுக்கும்.

பரணி: பீகிள்?

மல்லிகா: அது சத்தம் போடும். ஆனா திருடனுக்கு மட்டும் போடாது. பால்காரர், லிஃப்ட், எங்க வீட்டுக் குக்கர், எல்லாத்துக்கும் போடும். முயல் வேட்டைக்குக் கூட்டமா ஓடுன ஜாதி. வாசனை பிடிச்சா தூரத்துல வர்ற ஆளுக்குக் கேக்கணும்னே அந்தத் தொண்டையை வளர்த்திருக்காங்க. குரைப்பு ஒரு ரகம், ஊளை ஒரு ரகம், ரெண்டுக்கும் நடுவுல இழுத்துக் கத்தறது இன்னொரு ரகம். பழக்கினா குறையும், நிக்காது.

பரணி: பாவம், சின்ன நாய்தானேக்கா. பத்து கிலோ சொச்சம்தான். லாப் 25-லேருந்து 36 கிலோ வரைக்கும் போகுதாம்.

மல்லிகா: எடை கம்மிதான், மறுக்கல. ஆனா மூக்கு தரையில பட்டுடுச்சுன்னா காது அடைச்சுடும். நீங்க பேர் சொல்லிக் கூப்பிட்டா, "யாரையோ கூப்பிடறாங்க"ன்னு போய்க்கிட்டே இருக்கும். சுத்தி அடைச்ச இடம் இல்லாம வாரைக் கழட்டவே கூடாது. திறந்த வெளின்னா பத்து மீட்டர் நீளக் கயிறு. வேலி போட்டாலும் அடியில தோண்டிப் பார்க்கும். தோண்டுனது முடியலைன்னா மேலே ஏறிப் பார்க்கும்.

பரணி: அப்போ லாப்.

மல்லிகா: இருங்க. உங்கம்மா கைத்தடி வச்சுத்தானே நடக்கறாங்க?

பரணி: ஆமா.

மல்லிகா: லாப் எட்டு மாசத்துலயே உடம்புல பெரிய நாய். புத்தி வர்றதுக்கு ரெண்டு வயசாவது ஆகும். அந்த இடைவெளியிலதான் பாட்டியும் பேத்தியும் கீழே விழுவாங்க. குதிச்சு மேல ஏறினா திட்டக் கூடாது, திட்டறதும் அதுக்குக் கொஞ்சல்தான். முகத்தைத் திருப்பிக்கிட்டு, நாலு காலும் தரையில பட்டப்புறம்தான் கையை நீட்டணும். வீட்ல எல்லாரும் அப்படியே செய்யணும். ஒருத்தர் மாத்திப் பண்ணாலும் பாடம் போச்சு.

பரணி: எங்க வீட்ல டிவி ரிமோட்டுக்கே ஒத்துமை கிடையாது.

மல்லிகா: அதான் சொல்றேன், குட்டி வேணாம். மூணு வயசு லாப் ஒண்ணைத் தேடுங்க. வீட்டை மாத்திக்கிட்டுப் போறவங்க தத்துக் கொடுப்பாங்க. குணம் என்னன்னு முன்னாடியே தெரியும், கடிச்சுப் பழகுற வயசும் தாண்டியிருக்கும். உங்கம்மாவைக் கூட்டிட்டுப் போய், தடியோட நடக்க விட்டுப் பாருங்க. குட்டிதான் வேணும்னு பொண்ணு அடம் பிடிச்சா, அப்பா நாய் அம்மா நாய் ரெண்டோட இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே ரிசல்ட்டைக் கேளுங்க, லாப்புக்கு மூட்டுக் கோளாறு பரம்பரையா வரும். "எதுக்கு சார் அதெல்லாம்"னு விக்கிறவர் சிரிச்சா, நீங்களும் சிரிச்சுக்கிட்டே வெளியே வந்துடுங்க.

பரணி: பீகிளுக்கு இந்தத் தொல்லை இல்லையே?

மல்லிகா: அதுக்குக் காது. தொங்கற காதுக்குள்ள காத்துப் போகாது, ஈரம் தங்கும். வாரம் ஒரு தடவை தூக்கி மோந்து பார்க்கணும். நாத்தமோ சிவப்போ இருந்தா டாக்டர். பட்ஸை உள்ளே விடாதீங்க, அழுக்கு இன்னும் ஆழமாத்தான் போகும். அப்புறம் கூட்டத்துல வாழ்ந்த நாய், தனியா விட்டா அழும். பகல்ல தனியா விட்டா…

பரணி: அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? எப்படிச் சுத்தினாலும் லாப்ல வந்து நிக்கறீங்களே!

மல்லிகா: உங்க ஹாலுக்கும் என் படுக்கையறைக்கும் நடுச்சுவர் ஒண்ணுதானே தம்பி.

பரணி: அதான பார்த்தேன்!

மல்லிகா: என் தூக்கத்துக்காகச் சொன்னாலும் உண்மை உண்மைதான். அது சரி, அம்மா பிஸ்கட் போடுவாங்களா?

பரணி: டெலிவரி பையனுக்கே ரெண்டு கொடுத்துதான் அனுப்புவாங்க.

மல்லிகா: இதுதான் லாப்புக்கு எமன். நாலுல ஒரு லாப்புக்கு, பசியை அடக்கற மரபணுவே குறைபாட்டோட இருக்குன்னு 2016-ல கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியில கண்டுபிடிச்சிருக்காங்க. சாப்பிட்டு முடிச்ச தட்டை நக்கிட்டு, பட்டினி கிடந்த கண்ணோட பார்க்கும். நம்பினா போச்சு. எடை ஏறினா இடுப்பு மூட்டு தேயும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, தடவினா கைக்குத் தெரியணும். அதுதான் சரியான எடை.

பரணி: அம்மாவைத் தடுக்க முடியாதேக்கா.

மல்லிகா: தடுக்காதீங்க. நாய்த் தீனி பாக்கெட்டுல அந்த எடைக்குப் போட்டிருக்கற அளவைக் காலையிலயே தராசுல நிறுத்து ஒரு டப்பாவுல போட்டுடுங்க. குவளையால அள்ளுனா ஆளுக்கு ஆள் அளவு மாறும். ரெண்டு வேளைச் சாப்பாடும் அதுலேருந்துதான், அம்மா கையால கொடுக்கறதும் அதுலேருந்துதான். டப்பா காலியாச்சுன்னா அன்னிக்கு அவ்ளோதான். திராட்சை, வெங்காயம், சாக்லேட் மூணும் எட்டாத உயரத்துல. சாக்ஸும்தான், முழுங்கிட்டா குடல் அடைச்சு ஆபரேஷன் வரைக்கும் போகும்.

பரணி: அந்த டப்பாவை அம்மா கண்ணுல படாம எங்க வைக்கறது? உங்க வீட்லயே வச்சுக்கறீங்களா?

மல்லிகா: வச்சுக்கறேன். ஆனா டப்பா எங்க இருக்கோ நாயும் அங்கதான் இருக்கும். அப்புறம் "எங்க நாயை அக்கா மயக்கிட்டாங்க"ன்னு அசோசியேஷன்ல புகார் கொடுக்கக் கூடாது.