வெட்டலாம், ஆனால் பாதியை வெட்டக் கூடாது

காரைக்குடிக்குத் தெற்கே எங்களுக்கு மூன்று ஏக்கர் செம்மண் புஞ்சை இருக்கிறது. ஐயா காலத்தில் அது தைலமரக் காடு. கடைசி வெட்டு முடிந்ததும் தூரைத் தோண்டிவிட்டு, 2011-இல் வேம்பு, நாவல், புங்கன், இலுப்பை, உசில், வீரை, காயா என்று கலந்து நட்டோம். எது பிழைக்குமோ என்ற பயத்தில் நான்கடிக்கு ஒன்றாக நெருக்கி வைத்தோம். முக்கால்வாசி பிழைத்துவிட்டது. இப்போது உள்ளே ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். மரமெல்லாம் கொக்குக்கால் மாதிரி நெடுநெடுவென்று நிற்கிறது.

அம்மான் பார்த்துவிட்டு, "பாதிய வெட்டி வெறகுக்குக் குடுத்துருப்பா, மிச்சம் பருக்கும்" என்றார். நண்பர்களோ, காட்டில் கத்தியே வைக்காதே, மரம் காற்றிலிருந்து இழுத்துச் சேர்த்து வைத்த கார்பன் போய்விடும் என்கிறார்கள். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

மரத்தின் காய்ந்த எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். வெட்டிய அன்றைக்குக் காட்டின் கார்பன் இருப்பு குறையத்தான் செய்யும். ஆனால் நெருக்கத்தில் நிற்கிற மரங்கள் வெயிலுக்கும் தண்ணீருக்கும் போட்டி போட்டு, பருக்காமல் உயர்கின்றன. தோற்றவை பட்டுப்போய் எப்படியும் மக்கும். அளவாகக் கலைத்துவிட்டால், அதாவது இடையிடையே சில மரங்களை எடுத்துவிட்டால், மிஞ்சியவை பருக்கும். தண்டின் விட்டம் இரண்டு மடங்கானால் மரத்தின் எடை நான்கு மடங்குக்கும் மேலே போகும். அப்படித்தான் எடுத்தது மெல்ல மெல்ல ஈடாகிறது.

பாதியை எடுத்தால் என்ன ஆகும் என்று நானே பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முன் வடக்கு மூலையில் ஐம்பது சென்ட்டில் ஒன்றுவிட்டு ஒன்று வெட்டினோம். நிழல் விட்டுப்போய்ச் சித்திரை வெயில் நேராகத் தரையில் இறங்கியது. காலுக்கு மெத்தென்று கிடந்த சருகு மறுவருடம் இல்லை. ஐப்பசி மழையில் மேல்மண் வரப்போரமாக ஓடியது. அப்புறம் உண்ணிச்செடி, சீமைக் கருவேல். காட்டின் கார்பனில் பெரிய பங்கு மண்ணுக்குள் இருக்கிறது. வெயில் பட்டுச் சூடேறிய மண்ணில் மழை ஈரமும் சேர்ந்தால், நுண்ணுயிர்கள் மக்கை வேகமாகத் தின்று கரியமில வாயுவாக வெளியே விடுகின்றன. எங்கள் சரளைப் பூமியில் நல்ல மண்ணே ஒரு சாண்தான். அந்த மூலையை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

எவ்வளவு என்பதோடு எதை என்பதும் முக்கியம். வெட்ட வருகிறவர்கள் ஒல்லியாக இருப்பதைத்தான் முதலில் சாய்ப்பார்கள். வீரையும் காயாவும் மெதுவாக வளர்வதால் ஒல்லியாகத் தெரியும். ஆனால் கட்டை வைரம். அதே பருமனுள்ள லேசான மரத்தைவிட அதற்குள் கார்பன் அதிகம். நிழலில் காத்திருந்து பிறகு எழும்பும் சாதி அது, அதைத் தொடக் கூடாது. ஒரே இனம் நாலைந்து கூட்டமாக நிற்கிற இடத்தில்தான் கலைக்க வேண்டும்.

வெட்டிய கட்டை எங்கே போகிறது என்பதையும் யோசியுங்கள். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் முகப்புத் தூண்களில் கை வைத்துப் பாருங்கள். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு, நூறு வருடம் கடந்தும் தன் கார்பனை வைத்துக்கொண்டு நிற்கிறது. விறகாக்கினால் அன்றைக்கே புகை.

சரி, என் முடிவு இது. இந்த ஆவணியில் நாலில் ஒன்றுக்கும் குறைவாகக் கலைக்கப் போகிறோம். நாலைந்து வருடம் கழித்துப் பார்த்து, தேவையென்றால் இன்னொரு முறை. கிளையும் தழையும் காட்டிலேயே கிடக்கும். நேரான கழிகள் கொட்டகைக்கும் பந்தலுக்கும் போகும். வெட்ட வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்புக் குறி போட அம்மானையும் கூப்பிட்டிருக்கிறேன். முதலில் அந்த வடக்கு மூலையைக் காட்டிவிட்டு, பிறகு சுண்ணாம்பு டப்பாவை அவர் கையிலேயே கொடுக்கப் போகிறேன்.