தெற்றியை மதிலோரம் ஒதுக்காதீர்கள்

நம்ம குமரி மாவட்டத்தில் புதுவீடு கட்டியதும் முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதித்துவிடுகிறார்கள். மதிலை ஒட்டி அரையடி மண் மிஞ்சும். அதில் நர்சரியில் வாங்கிய குட்டை இக்சோராவை வரிசையாக நடுவார்கள். அந்த விளையில் (தோட்டத்தில்) காலங்காலமாக நின்ற நாட்டுத் தெற்றியோ, அதாவது பிற ஊர்களில் இட்லிப்பூ என்று சொல்லும் செடியோ, ஜேசிபி வந்த அன்றே போயிருக்கும். இரண்டும் ஒரே இனத்துச் செடி என்பதுதான் வேடிக்கை. கேட்டால், "அது காடு மாதிரி வளரும்" என்பார்கள். வளரட்டுமே! ஆள் உயரம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம்.

அந்த அரையடியில் எந்தத் தெற்றியை நட்டாலும் கொஞ்ச நாளில் இலை மஞ்சளாகும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உடனே கடைக்கு ஓடி உரம் வாங்கிப் போடுகிறோம். தெற்றிக்குப் புளிப்புத்தன்மையுள்ள மண் வேண்டும். கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண் அதற்கென்றே அமைந்தது. மதில் பூச்சிலிருந்தும் கொட்டிய சிமெண்டிலிருந்தும் சுண்ணாம்பு இறங்கினால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. மதிலை விட்டு மூன்றடி தள்ளி வெயிலில் நட்டு, மக்கிய இலையும் சாணமும் போட்டாலே போதும்.

அப்புறம் இந்தக் கத்தரி. பெட்டி வடிவத்தில் வெட்டினால்தான் அழகு என்று யார் சொன்னதோ! தெற்றி பூப்பது கிளையின் நுனியில். வாராவாரம் நுனியை நறுக்கிவிட்டு, பூக்கவில்லையே என்றால் எப்படி? ஒரு சுற்று பூத்து முடிந்ததும் பூக்கொத்துக்குக் கீழே வெட்டுங்கள், போதும்.

பூவின் குழல் ஒரு அங்குலத்துக்கும் மேல் நீளம். அடியில் இருக்கும் தேன் நீண்ட உறிஞ்சியுள்ள வண்ணத்துப்பூச்சிக்கும் தேன்சிட்டுக்கும் எட்டும். பிள்ளைகள் பூவைப் பறித்து உறிஞ்சுவதைச் சொல்லவே வேண்டாம். பழம் கறுத்துப் பழுத்தால் கொண்டைக்குருவிக்கும் பங்கு உண்டு. கைக்குழந்தைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெயில் இந்தப் பூவைப் போட்டுக் காய்ச்சாத வீடு முன்பு இங்கே குறைவு. சங்கப் பாடல்களில் ஆநிரை (மாட்டு மந்தை) கவரப் போன வீரர்கள் சூடிய வெட்சியும் இதுதான். ஆனால் இன்று கோயிலுக்குப் பூ வேண்டுமென்றால் மட்டும் அடுத்த வீட்டு மதிலை எட்டிப் பார்க்கிறோம்.

நாற்றுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கும்போது, தெற்றி நிற்கும் வீட்டில் கேட்டு, பென்சில் கனத்தில் நாலைந்து கம்பு ஒடித்து நிழலில் ஊன்றுங்கள். எல்லாம் பிடிக்காது, ஒன்றிரண்டு பிடிக்கும். கடலோரத்துச் சிப்பி மணல் இதற்கு ஒத்துவராது. அங்கே இருப்பவர்கள் பெரிய சட்டியில் செம்மண் நிரப்பி வைத்துக்கொள்ளலாம்.