இடது காலுக்கும் ஒரு வேலை வேண்டும்

போன மாதம் புது வண்டி புக் பண்ணப் போனேன். ஷோரூம் தம்பி, நான் வாய் திறப்பதற்கு முன்பே படிவத்தில் ஆட்டோமேட்டிக் என்று டிக் அடித்துவிட்டார். "இல்ல தம்பி, கியர் வண்டிதான்" என்றதும் குரலைத் தாழ்த்தி, "சார், பட்ஜெட்தான் பிரச்சினைன்னா லோன்ல சேர்த்துக்கலாம்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டிலும் இதே கேள்விதான், வார்த்தைதான் கொஞ்சம் காரம். "காசு கொடுத்து முட்டி வலி வாங்கறீங்க" என்றாள் மனைவி.

இந்த இடத்தில் கியர் வண்டிப் பிரியர்கள் மைலேஜ் கணக்கை எடுத்து நீட்டுவார்கள். நான் நீட்டப் போவதில்லை. இன்றைய ஏஎம்டி வண்டிகள், அதாவது கிளட்ச்சையும் கியரையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் ஆட்டோமேட்டிக்குகள், பலவும் மேனுவல் என்கிற கியர் வண்டிக்குச் சமமாகவே மைலேஜ் தருகின்றன. வேகம் என்று பேசினாலும் நம் கட்சி தோற்று வெகுநாள் ஆகிறது. 1989-இல் ஃபெராரி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள பேடிலை விரலால் தட்டி கியர் மாற்றும் காரை ஃபார்முலா ஒன்னில் இறக்கியது. அந்த ஆண்டின் முதல் பந்தயமான பிரேசிலிலேயே நைஜல் மான்செல் அதை ஓட்டி ஜெயித்தார். கொஞ்ச வருடத்தில் மற்ற அணிகளும் அந்த வழிக்கே வந்துவிட்டன. ரேஸ்காரனே கைவிட்டதை நீ ஏன்டா பிடித்துத் தொங்குகிறாய் என்று கேட்டால், நியாயமான கேள்வி.

என் பதில் கொல்லிமலையில் இருக்கிறது.

காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பலகை வைத்திருப்பார்கள். போன வருடம் நண்பனின் ஏஎம்டி வண்டியில் ஏறினோம், நான்தான் ஓட்டினேன். வளைவு நெருங்குகிறது, வேகத்தைக் குறைக்க ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுக்கிறேன். வண்டி என்ன நினைத்துக்கொள்கிறது? 'சரி, இவருக்கு இனி இழுவை தேவையில்லை' என்று ஒரு கியர் மேலே போட்டுவிடுகிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஏற்றத்தில் மூக்கைத் தூக்கும்போதுதான் இழுவை வேண்டும். மிதிக்கிறேன். ஒரு நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் 'அடடா' என்று மறுபடி கீழே இறக்கி, தலை முன்னும் பின்னும் ஆட, வண்டி கிளம்புகிறது. எதிரே அரசுப் பேருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு நொடி ரொம்பப் பெரியது.

இதில் வண்டியின் மேல் தப்பில்லை. என் கால் எவ்வளவு அழுத்துகிறது, சக்கரம் என்ன வேகத்தில் சுழல்கிறது என்பதெல்லாம் அதன் கம்ப்யூட்டருக்குத் தெரியும். முப்பதடி தள்ளி ரோடு திரும்புவது தெரியாது. அது எனக்குத்தான் தெரியும். கியர் வண்டியில் வளைவுக்கு முன்பே செகண்டுக்கு இறக்கி வைத்துக்கொண்டு உள்ளே போவேன், தேவையென்றால் ஃபர்ஸ்ட். திரும்பி முடிக்கும்போது இன்ஜின் தயாராக இருக்கும். 'மேனுவல் மோடு இருக்கே' என்று கமென்டில் வரப்போகிறவர்களுக்கு: அதையும் போட்டுப் பார்த்தேன். நான் சொல்வதைச் செய்கிறது, ஆனால் யோசித்துவிட்டுச் செய்கிறது. கிளட்ச்சை மட்டும் கடைசி வரை என்னிடம் கொடுக்கவில்லை.

இறக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏறின கியரிலேயே இறங்கு என்பது மலைப்பாதை டிரைவர்களின் பால பாடம். இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பிரேக் தீயாது.

எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது மாமா, ஒரு பழைய மாருதி 800-இல். முதல் நாள் வண்டியில் உட்கார்ந்ததும் அவர் சொன்னது, "செருப்பைக் கழட்டுடா." வெறுங்காலால் கிளட்ச்சை மெதுவாக விடச் சொன்னார். ஓர் இடத்தில் பாதத்துக்கு அடியில் லேசாக ஒரு நடுக்கம் வரும், இன்ஜின் சத்தம் ஒரு சுருதி இறங்கும், பானெட் அரை விரல்கடை எழும்பும். "அங்கதான் பிடிக்குது. அந்த இடத்த விடாத." ஆக்சிலேட்டரே தொடாமல், வெறும் கிளட்ச்சில் வண்டியை நகர்த்தும் வரை அவர் என்னைத் தெருமுனை தாண்ட விடவில்லை. பதினேழு தடவை ஆஃப் பண்ணினேன். எண்ணியது நான் அல்ல, திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த பாட்டி.

இன்றும் எந்தப் புது வண்டியில் உட்கார்ந்தாலும் முதலில் அந்த இடத்தைத்தான் தேடுகிறேன். ஒவ்வொரு வண்டியிலும் அது வேறு உயரத்தில் இருக்கும். பழைய வண்டியில் ரொம்ப மேலே வந்து பிடித்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டதோ என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் டேஷ்போர்டில் விளக்கு எரிந்து தெரிந்துகொள்வது இல்லை, காலில் தெரிவது.

இது ஏதோ நம் ஊர்க்காரனின் பழைய நினைப்பு என்று நினைத்தால், ஜெர்மனியின் ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியான போர்ஷேயின் கதையைக் கேளுங்கள். 2013-இல் வந்த 911 ஜிடி3 காரை ஆட்டோமேட்டிக்கில் மட்டும்தான் விற்றார்கள். வேகம் கூடுதல், பந்தயப் பாதையில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் குறைவு, எல்லாம் சரி. ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். 2016-இல் 911 ஆர் என்று மேனுவலில் மட்டும் 991 கார்கள் செய்தார்கள். அத்தனையும் விற்றுத் தீர்ந்து, கைமாறிய விலை எங்கேயோ போனது. மறு ஆண்டே ஜிடி3-இல் மேனுவலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கம்பெனி சொன்ன கணக்குப்படி 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஆட்டோமேட்டிக்குக்கு 3.4 நொடி, மேனுவலுக்கு 3.9 நொடி. அரை நொடி தாமதம் என்று தெரிந்தேதான் மேனுவலை வாங்கினார்கள். அவ்வளவு காசு வைத்திருப்பவனுக்கும் தன் கையால் ஒரு கியர் சரியாக விழும் அந்த 'டக்' வேண்டியிருக்கிறது.

அதைவிட வேடிக்கை, ஹூண்டாய் ஐயோனிக் 5 என். மின்சார வண்டி, கியரே கிடையாது. ஆனால் எட்டு கியர் இருப்பது போல நடிக்க ஒரு மோடு வைத்திருக்கிறார்கள். பேடிலைத் தட்டினால் கியர் மாறியது போல ஒரு குலுக்கல், ஸ்பீக்கரில் இன்ஜின் சத்தம். இல்லாத ஒன்றுக்குப் பொம்மை செய்து கொடுக்கிற அளவுக்கு ஆகிவிட்டது! எனக்கு அது பிடிக்கவில்லை. தப்பாகப் போட்டாலும் வண்டி ஆஃப் ஆகாது, பிறகென்ன கியர்?

சரி, முட்டி வலி விஷயத்துக்கு வருகிறேன். மனைவி சொன்னது உண்மை. சென்னை ஓஎம்ஆர் ரோட்டில், சோழிங்கநல்லூர் சிக்னலில் மாலை ஆறரை மணிக்குக் கியர் வண்டியில் நிற்பவனுக்கு எந்த ரசனையும் மிஞ்சாது. ஃபர்ஸ்ட், நியூட்ரல், ஃபர்ஸ்ட், நியூட்ரல், இடது தொடை கல்லாகிவிடும். தினமும் அந்த ரோட்டில் போய் வருகிறவர்கள் ஆட்டோமேட்டிக் வாங்கினால், 'உனக்கு ஓட்டத் தெரியாது' என்று கிண்டல் செய்கிற கோஷ்டியில் நான் இல்லை. அவளுடையது ஆட்டோமேட்டிக்தான், நன்றாகவே ஓட்டுகிறாள்.

என் வண்டி வெள்ளிக்கிழமை டெலிவரி. சனிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி நேராகக் கொல்லிமலை. அதற்கு முன், நாளைக்கு ஓஎம்ஆரில் ஒரு வேலை இருக்கிறது. அவளிடம் சாவி கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.