மினியேச்சர்களை வாஷில் முழுக்காட்டாதீர்கள்

மினியேச்சர்கள் எனப்படும் சிறிய மாதிரி உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவோரிடையே ஏறத்தாழ ஒரு சடங்காகவே நிலைத்துவிட்ட வழக்கம் ஒன்றைப் பற்றி நெடுநாளாக எழுத எண்ணியிருந்தேன். அடிவண்ணங்களைத் தீட்டி முடித்ததும் பள்ளங்களில் இறங்கி நிழல் தரும் மெல்லிய வண்ணமான அக்ரிலிக் வாஷின் கருப்பு அல்லது அடர்பழுப்புப் புட்டியைத் திறந்து, பெரிய தூரிகையால் உருவத்தின் உச்சி முதல் பாதம் வரை பூசிவிட்டு, அது காய்ந்தவுடன் நிழல் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறோம். புட்டிக்குள் அடைத்த திறமை என்று வாஷை வேடிக்கையாக அழைப்பவர்கள் உண்டு. அந்த வேடிக்கையை நாம் சற்று அதிகமாகவே நம்பிவிட்டோம் என்பது என் கருத்து. முகத்துக்கும் இரும்புக் கவசத்துக்கும் தோல்வாருக்கும் மேலங்கிக்கும் ஒரே திரவம் ஒரே அளவில் நிழல் தந்துவிட முடியாது. நிழல் எங்கே விழ வேண்டும், எந்த நிறத்தில் விழ வேண்டும் என்பவற்றைத் தீட்டுபவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நிழலை வண்ணத்தால் தீட்டுவானேன், உருவத்தின் மேல் விழும் வெளிச்சமே போதாதா என்று புதியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். 28 மில்லிமீட்டர் அளவிலான போர்வீரனின் ஆடை மடிப்புகள் மிகவும் ஆழமற்றவை. விளக்கொளியோடு சுவரிலும் மேசையிலும் பட்டுத் திரும்பும் ஒளியும் சேர்ந்து எல்லாத் திசைகளிலிருந்தும் உருவத்தைச் சூழ்ந்துகொள்வதால், அந்த மடிப்புகளில் தங்க வேண்டிய இருள் கரைந்துவிடுகிறது. கைநீட்டும் தூரத்திலிருந்து பார்த்தால் உருவம் தட்டையாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே. 1970களிலும் 80களிலும் மாதிரி உருவக்கலையில் வாஷையும், வண்ணத்தைப் பெரும்பாலும் துடைத்த தூரிகையால் மேடுகளை உரசும் உலர்தூரிகை முறையையும் பரவலாக்கியவர்களுள் ஒருவரான பெல்ஜியத்தின் பிரான்சுவா வெர்லிண்டனின் பாணி, பள்ளங்களை இருட்டாக்கி மேடுகளை வெளுக்கச் செய்தே இக்குறையைப் போக்கியது.

வாஷ் என்பது தண்ணீர் ஊற்றிய வண்ணம் மட்டுமே என்று கருதுவதிலிருந்துதான் பாதிக் குழப்பங்கள் தொடங்குகின்றன. கடையில் கிடைக்கும் அக்ரிலிக் வாஷில் நிறமி குறைவாகவும், அதைத் தாங்கி நிற்கும் அக்ரிலிக் மீடியம் போதிய அளவிலும் இருக்கும். அவற்றோடு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருளும் சேர்ந்திருக்கும். பரப்பு இழுவிசை குறைவதால் திரவம் முத்துமுத்தாகத் திரண்டு நிற்காமல் பரவி, நுண்துளை ஈர்ப்பின் உதவியோடு கோடுகளுக்குள்ளும் மடிப்புகளுக்குள்ளும் ஓடுகிறது. சாதாரண வண்ணத்தில் நிறையத் தண்ணீரைக் கலந்தால் நிறமியோடு பிணைப்புப் பொருளும் சேர்ந்தே நீர்த்துப்போய், அது மேடுபள்ளம் பாராமல் திட்டுத்திட்டாகப் படியும். ஆகவே வாஷின் கடுமையைக் குறைக்க விரும்புபவர் தண்ணீருக்குப் பதிலாக, நிறமியில்லாத மேட் (பளபளப்பற்ற) மீடியத்தையோ கிளேஸ் மீடியத்தையோ கலப்பது நல்லது. புட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அடியில் நிறமி தங்கிய புட்டியைத் திறந்துவிட்டு வாஷ் வெளிறிவிட்டது என்று குறைகூறுவோர் இருக்கத்தான் செய்கிறார்கள்.

வாஷ் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பெரும்பாலும் அதன் அடியிலுள்ள பரப்புதான் தீர்மானிக்கிறது. பலரும் போதிய கவனம் செலுத்தாத இடம் இதுவே. மேட் வண்ணத்தின் பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பானது. திரவத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். எனவே மேட் பரப்பில் வாஷிட்டால் பள்ளம் இருள்வதோடு மேடும் கறைபட்டு, மொத்த நிறமும் ஒரு படி மங்கிவிடும். பளபளப்பு வார்னிஷ் பூசிய பரப்பிலோ திரவம் வழுக்கிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்க, மேடு ஏறக்குறைய சுத்தமாகவே நிற்கும். கம்பளி அங்கி, மரப்பட்டை, உரோமம் போன்றவற்றுக்கு மேட் பரப்பின் பொதுவான மங்கல் பொருத்தமாக இருக்கலாம். விமானத்தின் தகட்டு இணைப்புகளுக்கும் கவசத்தின் ஆணித்தலைகளுக்கும் அது பொருந்தாது; அங்கே முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் வாஷ், இறுதியில் மேட் வார்னிஷ் என்ற வரிசையே கைகொடுக்கும். ஒரே உருவத்தில் சில பகுதிகளுக்கு மட்டும் தூரிகையால் பளபளப்பு வார்னிஷ் பூசிக்கொள்வதிலும் தடையேதுமில்லை. ஆயினும் இதைச் சோம்பலின் காரணமாகவே நம்மில் பலர் செய்வதில்லை என்று நினைக்கிறேன்.

வாஷ் காய்ந்த பிறகு தட்டையான இடங்களில் ஓரம் கறுத்த வளையங்கள் தோன்றுவதைப் பற்றி அடிக்கடி புலம்பல்களைக் கேட்கிறேன். மேசையில் சிந்திய காபித் துளி காயும்போது விளிம்பில் கரும்வளையம் உருவாவதும் இதுவும் ஒரே நிகழ்வுதான். சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் இதற்கு விளக்கம் அளித்தனர்: துளியின் விளிம்பு ஒரே இடத்தில் பற்றிக்கொண்டு நிற்க, அங்கே ஆவியாகும் நீரை ஈடுசெய்ய நடுவிலிருந்து திரவம் விளிம்பை நோக்கி ஓடுகிறது, அந்த ஓட்டம் துகள்களையும் அள்ளிச் சென்று விளிம்பிலேயே குவித்துவிடுகிறது. இதைப் புரிந்துகொண்டால் தீர்வும் தானே விளங்கும். அகலமான சமதளத்தில் வாஷ் தேங்கி நிற்க இடமே தரக்கூடாது. தேங்கினால், ஈரம் இருக்கும்போதே, சுத்தமான, சற்றே ஈரமான தூரிகை நுனியால் அதை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். பாதி காய்ந்த நிலையில் தூரிகையை வைத்தால் உருவாகிக்கொண்டிருக்கும் படலம் கிழிந்து, வளையத்தைவிட மோசமான வடு விழும். அந்த நிலையில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்து, முழுவதும் காய்ந்தபின் அடிவண்ணத்தால் திருத்துவதே மேல். விரைவாகக் காயவைக்க முடி உலர்த்தியை நெருக்கமாகப் பிடிப்பவர்களுக்கும் ஒரு சொல்: அதன் காற்று திரவத்தைத் தள்ளிக்கொண்டுபோய் வேண்டாத இடத்தில் சேர்த்துவிடும்.

இனி நிறத்துக்கு வருகிறேன். என் மனக்குறை முழுவதும் இங்கேதான் இருக்கிறது. கருப்பு வாஷ் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்ற நம்பிக்கை உருவங்களின் உயிரையே உறிஞ்சிவிடுகிறது. மஞ்சளின்மேல் கருப்பு படிந்தால் பாசிபிடித்தாற்போன்ற பச்சைச் சாயல் தட்டும். தோல்நிறத்தின்மேல் படிந்தால் நோயாளியின் முகம் கிடைக்கும். மஞ்சளுக்குச் செம்பழுப்பு அல்லது செப்பியா என்னும் அடர்பழுப்பு, தோலுக்குச் சிவப்பு கலந்த பழுப்பு, சிவப்புக்கு அடர் ஊதா அல்லது கரும்பழுப்பு, வெள்ளைக்கு மிக நீர்த்த நீலச்சாம்பல், பொன்னிறத்துக்குப் பழுப்பு என்று அந்தந்த நிறத்துக்கு உறவான நிழலைத் தேடிக்கொள்ள வேண்டும். கருப்பு தன் தகுதியைக் காட்டுவது வெள்ளி, எஃகு நிறங்களின்மேல்தான். சிட்டாடல் என்ற வண்ணப் பிராண்டின் வாஷ்களில் பலரின் பிரியத்துக்குரியதாயிருந்த டெவ்லன் மட் பழுப்பு நிறத்தது. 2012இல் ஷேட் என்ற புதிய வாஷ் வரிசை வந்தபோது அதன் இடத்தை ஆக்ராக்ஸ் எர்த்ஷேட் பிடித்துக்கொண்டது. அதே வரிசையின் கருப்பு வாஷான நல்ன் ஆயிலுக்கு நிகரான புகழ் அந்தப் பழுப்புக்கும் இருப்பது தற்செயலன்று. உலகில் நாம் காணும் அழுக்கு பெரும்பாலும் வெதுவெதுப்பான நிறச்சாயல் உடையது. நல்ன் ஆயில் புட்டி மேசையில் கவிழ்வது இந்தப் பொழுதுபோக்கின் தீராத நகைச்சுவை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

முழுக்காட்டுவதற்கு மாற்றாக நான் பரிந்துரைப்பது, நுனி கூரான தூரிகையில் சிறிதளவே வாஷை எடுத்து, மிகுதியைத் தாளில் ஒற்றிவிட்டு, பள்ளத்தில் மட்டும் தொட்டுவைக்கும் முறை. பரப்பு பளபளப்பாக இருந்தால் ஒரு தொடுகையிலேயே திரவம் கோட்டின் நீளத்துக்கும் ஓடிவிடும். நிழல் போதவில்லை என்றால் முதல் பூச்சு முழுவதும் காய்ந்த பின் இரண்டாவதை இடலாம். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சுகள் எப்போதும் கட்டுக்குள் நிற்கும். உருவத்தை எந்த நிலையில் காயவிடுகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் மடிப்புகளின் கீழ்ப்புறத்தில் இருள் சேரும், மேலிருந்து ஒளி விழும் தோற்றத்துக்கு அது துணைநிற்கும். படுக்கவைத்தால் வாஷ் முதுகுப்புறத்தில் தேங்கிவிடும்.

எண்ணெய் வண்ணமும் எனாமலும் இருக்கையில் அக்ரிலிக் வாஷ் எதற்கு என்று பீரங்கி வண்டி மாதிரிகளைச் செய்பவர்கள் கேட்கலாம். அவர்கள் பக்கம் வலுவான நியாயம் உண்டு. காய்ந்து கெட்டிப்பட்ட அக்ரிலிக் அடிவண்ணத்தை, எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் வெள்ளை ஸ்பிரிட் எளிதில் கரைக்காது என்பதால், அதன்மேல் இட்ட எண்ணெய் வாஷைப் பல மணி நேரம் கழித்தும் துடைத்துத் திருத்த முடியும். அக்ரிலிக் வாஷோ நீர் ஆவியானதும் பாலிமர் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து படலமாகிவிடுவதால், பின்னர் தண்ணீருக்கு இளகாது. திருத்துவதற்குக் கிடைப்பது சில நிமிடங்களே. அதற்கு ஈடாக, கரைப்பான் வாடை இல்லை, தூரிகையைத் தண்ணீரிலேயே கழுவலாம், அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அடுத்த வேலைக்குப் போகலாம். தகட்டுக் கோடுகள் நிறைந்த பெரிய வண்டிக்கு எண்ணெய் வாஷையும், முகமும் துணியும் நிறைந்த சிறிய உருவத்துக்கு அக்ரிலிக் வாஷையும் நான் தேர்ந்தெடுப்பேன்.

விளையாட்டுப் பலகைக்காக நூறு வீரர்களை ஒரே நேரத்தில் முடிக்க வேண்டியவரிடம் பள்ளத்தில் மட்டும் தொட்டுவையுங்கள் என்று சொல்வது கொடுமை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் தாராளமாக முழுக்காட்டட்டும். 2019இல் வந்த கான்ட்ராஸ்ட் போன்ற, ஒரே பூச்சில் நிறமும் நிழலும் தரும் வண்ணங்களும் அவர்களுக்காகவே இருக்கின்றன. அப்போதும் ஒரு வேலையை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்: வாஷ் முழுவதும் காய்ந்தபின், அதே அடிவண்ணத்தைச் சற்று நீர்த்து எடுத்து, மூக்கு, கன்னம், முழங்கால், தோள், மடிப்பின் மேல்விளிம்பு ஆகிய மேடுகளில் மட்டும் மீண்டும் தீட்டுங்கள். மங்கிய மேடுகள் பழைய நிறத்துக்குத் திரும்பும்போது வாஷ் பள்ளத்தில் மட்டும் எஞ்சி, உண்மையான நிழலாகத் தெரியத் தொடங்கும். உலோகப் பகுதிகளில் வாஷ் ஒளிரும் துகள்களை மூடி மந்தமாக்கிவிடுவதால், அங்கே விளிம்புகளுக்கு வெள்ளியை மறுபடியும் இடுவது இன்னும் அவசியம்.