அரிசியும்பருப்பு தெரியாத ஆப் நம்ம சர்க்கரைக்குக் கணக்குப் போடுதுங்க

ஏனுங்க, சர்க்கரைக்காரங்களுக்குன்னு ஆப் செய்யறவங்க ஒருத்தராச்சும் கொங்கு நாட்டுல ஒரு வீட்டுல உக்காந்து ராத்திரிச் சோறு தின்னு பாத்திருப்பாங்களா? அரிசியையும் பருப்பையும் ஒண்ணாப் போட்டு ஆக்கற நம்மூர் அரிசியும்பருப்பைத் தேடற இடத்துல அடிச்சா ஒன்னும் வராது. சந்தகை வராது. கம்பஞ்சோறு, கொள்ளுப்பருப்பு, பச்சப்பயறு கடைசல், ஒப்பிட்டு, கச்சாயம், எதுவும் வராது. ஓட்ஸ் மட்டும் பத்து விதத்துல வந்து நிக்கும். கடைசில "கிச்சடி, ஒரு கப்"புன்னு எதையோ தட்டிட்டுப் போறாங்க. கப்புன்னா 240 மில்லிங்க. நம்மூர்ல யாரு கப்புல சோறு தின்றா? வட்டல்ல ரெண்டாந்தடவை போட்டுக்கிட்டது எந்தக் கப்புல வரும்?

சோத்துல சர்க்கரையை ஏத்தற மாவுச்சத்து எவ்வளவுன்னு பாக்கற இந்தக் கணக்கு ஒன்னும் பெரிய வித்தை இல்லை. ஒரு சமையல் தராசு இருந்தாப் போதும். அரிசி 200 கிராம், துவரம்பருப்பு 50 கிராம் போட்டு ஆக்கறீங்கன்னு வைங்க. அரிசியில நூறு கிராமுக்குச் சுமாரா 78 கிராம் மாவுச்சத்து, அப்ப 156. பருப்புல 28. மொத்தம் 184. வெங்காயமும் தாளிப்பும் இதுல பெருசா எதையும் மாத்தாது. வெறும் போசியை முதல்லயே எடை போட்டு எழுதி வெச்சுக்கங்க. வெந்து இறக்குனதும் போசியோட எடை போட்டு, வெறும் போசி எடையைக் கழிங்க. சோறு மட்டும் 800 கிராம் வந்தா, நூறு கிராமுக்கு 23 கிராம் மாவுச்சத்து. வட்டல்ல 300 கிராம் விழுந்தா 69. உங்க வீட்டுக் கரண்டி ஒன்னுக்கு எத்தனை கிராம் ஏறுதுன்னு ஒருக்கா நிறுத்துப் பாத்துட்டா, அப்பறம் தராசே வேண்டாம், கரண்டிக் கணக்கே போதும். அதே அரிசி, அதே பருப்புல தண்ணியக் கூட வெச்சுக் குழைய ஆக்குனா சோறு 1000 கிராம் வரும், நூறு கிராமுக்கு 18 ஆயிரும். வீட்டுக்கு வீடு இது மாறுறப்ப, எங்கியோ உக்காந்து ஒருத்தர் போட்ட ஒத்தை எண்ணு எப்படீங்க எல்லார் வட்டலுக்கும் பொருந்தும்? பல ஆப்ல சொந்தமா உணவு சேர்த்துக்கற வசதி இருக்குது. அதை ஏழாவது மெனுவுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்காங்க. முதல் பக்கத்துல வைக்க வேண்டியது அதுதான்.

அடுத்தது அந்தச் செவப்பு அம்பு. நேத்து 148, இன்னைக்கு 160, உடனே செவப்புல ஒரு அம்பு, அதுக்கு ஒரு எச்சரிக்கை. வீட்டுல சர்க்கரை பாக்கற மீட்டருக்கு உள்ள உலகத் தரம் ஐஎஸ்ஓ 15197, 2013-ல வந்தது. அதுல என்ன சொல்லியிருக்குன்னா, சர்க்கரை 100-க்கு மேல இருந்தா லேப் அளவுல இருந்து 15 சதவீதம் முன்னப்பின்ன காட்டலாம், நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு தடவை அதுக்குள்ள இருந்தாப் போதும். லேப்ல 160 வர்ற ரத்தம் மீட்டர்ல 136-ன்னு வந்தாலும் சரி, 184-ன்னு வந்தாலும் சரி, மீட்டர்மேல குத்தமில்லை. இதைச் சொல்லாம பன்னெண்டு புள்ளிக்கு மனுசனைப் பயமுறுத்தலாமா? அதைவிடப் பெரிய தப்பெல்லாம் விரல்ல நடக்குது. மாம்பழம் அறுத்த கையோட, நாட்டுச்சக்கரை தொட்ட கையோட குத்துனா எண்ணு சும்மாவே எகிறும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைச்சு, விரல் நுனியோட பக்கவாட்டுல குத்தோணும். மீட்டர்ல சொருகி ரத்தம் தொடற ஸ்ட்ரிப் இருக்கற டப்பாவைச் சித்திரை வெய்யில்ல வண்டி டிக்கியில போட்டு வெச்சா அதுவும் கெட்டுப்போகும். பெரும்பாலான ஸ்ட்ரிப்புக்கு 30 டிகிரிதான் எல்லை, ஈரோட்டு வெய்யில் அதுக்கு எங்கீங்க அடங்கும்? மீட்டர்ல பேட்டரி மாத்துனதும் அதுக்குள்ள ஓடற கடிகாரம் பின்னாடி போயிரும். அதைத் திருத்தாம ப்ளூடூத்துல கோத்துவிட்டா, இன்னைக்கு எடுத்த அளவெல்லாம் போன வருசத்துக் கணக்குல போய் உக்காந்துக்கும். எந்த ஆப்பாவது "கடிகாரத்தைப் பாருங்க"ன்னு ஒரு வரி கேக்குதா?

மனசு கொதிக்கறது எதுக்குன்னா, மூணு மாசச் சராசரியை ஆப்பே கணிச்சுச் சொல்லுது பாருங்க, அதுக்குத்தான். சராசரி சர்க்கரையோட 46.7-ஐக் கூட்டி, 28.7-ஆல வகுத்தா ஹெச்பிஏ1சி, அதாவது லேப்ல ரத்தம் எடுத்துச் சொல்ற அந்த மூணு மாசக் கணக்கு வரும். சூத்திரத்துல தப்பில்லை. நம்ம ஆளுக குத்திப் பாக்கறது காலையில வெறும் வயித்துல மட்டும். அந்தச் சராசரி 126 வந்தா ஆப் 6.0-ன்னு பச்சை வெளக்குப் போடும். சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல 260 ஏறி எறங்கறது ஆப்புக்கு எப்படித் தெரியும்? லேப்ல 8 வந்தா "லேப்காரன் தப்பாப் போட்டுட்டான்"னு மாத்திரையை நிறுத்தறவங்க இருக்காங்க. சோறு ஏத்தற எண்ணு சாப்பாட்டுக்குப் பொறவு வர்றதுதான். நாளைக்கு நாலு தடவை குத்துன்னு ஆப் நச்சரிக்குது, ஸ்ட்ரிப் ஒன்னு இருவது ரூபாய்ன்னா மாசம் 2,400 ரூபாய். மாத்திரையில மட்டும் இருக்கறவங்க இன்னைக்குக் காலைச் சோத்துக்கு முன்னயும் ரெண்டு மணி நேரம் கழிச்சும், நாளைக்கு மதியச் சோத்துக்கு முன்னயும் பின்னயும், அதுக்கடுத்த நாள் ராத்திரிக்குன்னு மாத்தி மாத்திப் பாத்தாலே படம் தெளிவாத் தெரியும். பொதுவா வெறும் வயித்துல 80-ல இருந்து 130, ரெண்டு மணி நேரம் கழிச்சு 180-க்குள்ள. வயசானவங்களுக்கு டாக்டர் வேற அளவு சொல்லுவாரு.

நேரங்கூட இதுகளுக்குத் தெரியாது. சோமனூர், பல்லடம் பக்கம் ராத்திரித் தறி ஓட்டறவங்க காலையில அஞ்சு மணிக்கு டீயும் பன்னும் தின்னுட்டு எட்டு மணிக்குக் குத்துனா, ஆப் அதை "வெறும் வயிறு"ன்னு தானாப் போட்டுக்குது. ராத்திரி எட்டு மணிக்கு அடிக்கிற மாத்திரை மணி தறிச் சத்தத்துல யாரு காதுல விழும்? கேட்டுட்டுச் சோறு திங்காம, சர்க்கரையை எறக்கற கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கிட்டா இன்னும் மோசம், சர்க்கரை ஒரேயடியாத் தாழ்ந்துரலாம். மணியடிக்கறதைக் கடிகாரத்தோட கட்டாதீங்க, சோத்தோட கட்டுங்க. ஷிப்ட் மாறுனா மாத்திரை நேரத்தை டாக்டர்கிட்டக் கேட்டு மாத்திக்கங்க.

இன்சுலின் போடச் சொல்லித் தர்ற வீடியோக்களைப் பாத்தா அடிவயிறு கலங்குது. வெளிநாட்டு வீடியோவுல ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. அது மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கு உள்ளது. நம்மூர்ல குப்பியில வர்றது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதுக்குச் செவப்பு மூடி. 40 குப்பியில ஆரஞ்சு சிரிஞ்சை விட்டு 20-ன்னு போட்ட கோடு வரைக்கும் இழுத்தா ஒடம்புக்குள்ள போறது 8 யூனிட்தான். மாத்தி, 100 மருந்தைச் செவப்பு மூடி சிரிஞ்சுல 20-ன்னு போட்ட கோடு வரைக்கும் இழுத்தா 50 யூனிட் போயிரும், உசுருக்கே ஆபத்து. குப்பியில போட்டிருக்கற 40-ஐயும் சிரிஞ்சுல போட்டிருக்கற 40-ஐயும் ஒண்ணாப் பாக்காம ஊசியைத் தொடாதீங்க. இன்சுலின் அளவு எழுதச் சொல்ற ஆப், எந்தச் சிரிஞ்சுன்னு ஒரு கேள்வி கேட்டா என்னங்க கொறஞ்சு போகும்?

நாட்டுச்சக்கரை சர்க்கரைக்காரங்களுக்கு நல்லதுன்னு வாட்ஸ்அப்ல சுத்தறதுக்கும் சேத்தே சொல்லிப்போடறேன். கவுந்தப்பாடியில காச்சுனதா இருந்தாலும் அது கரும்புச் சர்க்கரைதான், ஒடம்புல ஏறத்தான் ஏறும்.

சர்க்கரை தாழ்ந்தாக் காட்டற எச்சரிக்கையையும் இங்கிலீசுல போட்டு வெச்சிருக்காங்களே, அதை நெனச்சாத்தான் ஆறவே மாட்டேங்குது. மீட்டர் 62 காட்டுது, கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது, கண்ணு மங்குது. அந்த நேரத்துல எந்த அப்புச்சி இங்கிலீசு படிப்பாரு? 70-க்குக் கீழ போனதும் திரை நெறைய தமிழ்ல, பெரிய எழுத்துல இவ்வளவு வந்தாப் போதும்: "இப்பவே மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் குடிங்க. வோக்ளிபோஸ், அகார்போஸ் மாத்திரை போடறவங்களுக்குச் சர்க்கரை சட்டுனு வேலை செய்யாது, குளுக்கோஸ் பொடி கலக்கிக் குடிங்க. முறுக்கும் சாக்லேட்டும் வேண்டாம், ஏற நேரமாகும். 15 நிமிசம் கழிச்சு மறுபடி பாருங்க. இன்னும் 70-க்குக் கீழ இருந்தா மறுபடி அதே அளவு குடிங்க. மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, 108-க்குக் கூப்பிடுங்க."